ஆறு மணி நேரக் கெடு: பேனல் பட்டறைக்கும் உண்டு

வியாசர்பாடித் தொழிற்பேட்டைப் பக்கம் ஆலை இயந்திரங்களுக்கான மின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளை, அதாவது பேனல் போர்டு செய்துகொடுக்கும் பட்டறைக்காரர்களிடம் இணையப் பாதுகாப்பு விதி என்று பேச்சை எடுத்தால், “அதெல்லாம் கல்பாக்கம், கூடங்குளம் சமாச்சாரம்” என்பார்கள். பாதிதான் சரி. ஆலை இயந்திரத்தை இயக்கும் சிறு கணினியான பி.எல்.சி.க்குப் புரோகிராம் ஏற்றும் லேப்டாப்பில்தான் இரவில் பிள்ளை விளையாடுகிறான். சாவிக்கொத்தில் தொங்கும் பென் டிரைவ் இன்று மணலியில் ஓர் ஆலைக்குள் போகிறது, நாளை ஜெராக்ஸ் கடையில் செருகப்படுகிறது.

2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் (கணினியைக் கெடுக்கும் புரோகிராம்), பென் டிரைவ் வழியாகவும் பரவும்படி எழுதப்பட்டது. ஈரானின் நதான்ஸ் அணு எரிபொருள் ஆலையில் சுழலும் இயந்திரங்களைக் கெடுத்தது அதுதான். கூடங்குளத்தில் 2019-இல் நடந்தது வேறு வகை. நிர்வாக வேலைக்காக இணையத்தில் இணைத்திருந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்ததாக, இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4 அன்று தெரிவித்தது. அக்டோபர் 30 அன்று அணுமின் கழகம் அதை ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் கட்டமைப்பு தனியாக இருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்றது.

இனி விதி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின்கீழ் செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் உத்தரவு போட்டது. இணையத் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவித்தாக வேண்டும். காலை 10 மணிக்குக் கண்ணில் பட்டால் மாலை 4 மணிக்குள். தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் ஸ்காடா (ஆலையைத் திரையில் கண்காணித்து இயக்கும் அமைப்பு) உள்ளிட்ட ஆலைக் கட்டுப்பாட்டு அமைப்புகள் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. சிறு, குறு நிறுவனங்களுக்கு 2022 செப்டம்பர் 25 வரை அவகாசம் தந்தார்கள். அது முடிந்து நாளாயிற்று.

முழு விவரம் கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தெரிந்ததை முதலில் சொல்லலாம், மீதியைப் பிறகு தரலாம். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-4949.

நம் ஆட்கள் வழுக்குவது இன்னோர் இடத்தில். வைரஸ் என்றதும் லேப்டாப்பை ஃபார்மட் அடித்துவிட்டுத்தான் முதலாளிக்கே சொல்வார்கள். ஃபார்மட் அடித்தால் கணினியில் என்ன நடந்தது என்ற பதிவுகளும் (லாக்) போய்விடும். அந்தப் பதிவுகளை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவுதான். கேட்ட தகவலைத் தராவிட்டாலோ உத்தரவை மீறினாலோ ஓராண்டு வரை சிறை உண்டு. அதனால் நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிடுங்கள், எதையும் அழிக்காதீர்கள், எந்த ஆலையில், எத்தனை மணிக்கு, எந்தப் பென் டிரைவைச் செருகியபின் திரை மாறியது என்று பில் புத்தகத்தின் பின்னட்டையிலாவது குறித்துக்கொண்டு போனை எடுங்கள்.