ரப்பர் பூட்ஸ் காப்பாற்றாது

மலேசியாவின் தெலுக் இந்தான் சுற்றுவட்டாரத்தில் செம்பனை (எண்ணெய்ப் பனை) மரங்களுக்கு மேலே மின்கம்பி ஓடுவது புதிதல்ல. உயரத்துக் குலையை வெட்டும் கம்பு அலுமினியம். அது 11,000 வோல்ட்டைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். ஆனாலும் ஒவ்வொரு சாவு வீட்டிலும் அதே கேள்வி: “பூட்ஸ் போட்டிருந்தானே?”

அந்தப் பூட்ஸ் சேற்றுக்கும் பாம்புக்கும் முள்ளுக்கும் செய்தது. மின்சாரத்துக்குச் சோதித்துப் பார்த்ததல்ல. உள்ளே வியர்வை, வெளியே ஈரம், அடியில் முள் குத்திய ஓட்டை. வீட்டு மின்சாரத்துக்கே நம்பக் கூடாததை 11,000 வோல்ட்டுக்கு நம்புகிறார்கள்! துணிக் கையுறையும் அப்படித்தான். மின் ஊழியர்கள் போடும் ரப்பர் கையுறை தனி ரகம். அதையும் காற்றடைத்து ஓட்டை பார்த்த பிறகே மாட்டுவார்கள். “கம்பி கறுப்பா இருக்கு, உறை போட்டிருக்கு” என்பதும் தப்பு. பெரும்பாலும் அது வெயிலிலும் மழையிலும் கறுத்த வெறும் அலுமினியம்.

தூரம்தான் காக்கும். மட்டை அறுந்ததும் கம்பு துள்ளும். கை தவறினால் முழு நீளத்துக்கும் சாயும். அதனால் கம்பின் நீளத்தோடு 3 மீட்டர் கூட்டுங்கள். 10 மீட்டர் கம்பென்றால் மின்கம்பிக்கு இருபுறமும் 13 மீட்டர். மரத்துக்கு மரம் 9 மீட்டர் விட்டு முக்கோணமாக நட்ட தோட்டத்தில் அது ஏறக்குறைய இரண்டு வரிசை. அந்த மரங்களுக்குச் சிவப்பு வளையம் பூசுங்கள். மின்வாரியமான டிஎன்பி (தெனாகா நேஷனல்) மின்சாரத்தை நிறுத்தி உறுதி சொல்லாமல் அங்கே கம்பு தூக்கக் கூடாது. மரம் மாறும்போது கம்பைச் சுருக்கி, அரிவாளுக்கு உறை போட்டு, படுக்கை வசத்தில் தூக்குங்கள். செங்குத்தாகப் பிடித்து நடக்காதீர்கள்.

மண்டோர் (மேற்பார்வையாளர்) அண்ணன்களே, மலாய் மொழி எச்சரிக்கைப் பலகை மட்டும் போதாது. நேபாளத் தம்பியையும் வங்காளதேசத் தம்பியையும் அழைத்துப் போய் கம்பியைக் கையால் காட்டுங்கள். உடனடி ஆபத்து இருந்து, முதலாளி சரிசெய்யாவிட்டால், தொழிலாளி விலகி நிற்கலாம்; 2024 ஜூன் 1 முதல் சட்டமே அதைச் சொல்கிறது.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன்: விழுந்தவரை ஓடிப்போய்த் தொடாதீர்கள். இரண்டாவது உயிர் அப்படித்தான் போகிறது. மின்சாரம் நின்றதுபோல் தெரிந்தாலும் சில விநாடிகளில் தானாகவே திரும்ப வரலாம். 999-ஐயும் டிஎன்பியின் 15454-ஐயும் அழையுங்கள். நிறுத்திவிட்டோம் என்று அவர்கள் சொன்ன பிறகே அருகில் போங்கள். மூச்சில்லை என்றால் நெஞ்சின் நடுவில் 5 செண்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். எழுந்து உட்கார்ந்து “ஒண்ணுமில்ல” என்றாலும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். இதயத் துடிப்பு பிறகும் தடுமாறலாம்; நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.