தடைக்காலம் முடிந்தது, டேங்க் அடியைப் பார்த்தீர்களா?

நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் 20 வருடமாகப் படகு என்ஜின் வேலை பார்க்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அது முடிந்து படகுகள் கிளம்பும் காலையில் வரும் போனை எடுக்காமலே விஷயத்தைச் சொல்லிவிடுவேன்: "அண்ணே, கரையில நல்லாத்தான் ஓடுச்சு. முகத்துவாரம் தாண்டுனதும் நின்னுடுச்சு."

ஒரு வருடம் அப்படித்தான் ஒரு விசைப்படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். "ஃபில்டர் போன வாரம்தான் மாத்துனேன்" என்று டிரைவர் தம்பி சத்தியம் செய்தது. நான் ஃபில்டரைத் தொடவே இல்லை. டேங்கின் அடிக் குழாயைத் திறந்து, காலித் தண்ணீர் பாட்டில் ஒன்றில் பிடித்தேன். மோர் மாதிரி கலங்கலாக வந்தது. பாட்டிலைப் பலகை மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து பார்த்தால், அடியில் நாலு விரற்கடை தண்ணீர், மேலே டீசல். இரண்டுக்கும் நடுவில் கறுப்பாக, சளி மாதிரி ஒரு படலம். தம்பி அதற்கப்புறம் ஃபில்டரைப் பற்றிப் பேசவில்லை.

டீசல் தண்ணீரைவிட லேசானது. அதனால் தண்ணீர் எப்போதும் டேங்கின் அடிக்குப் போய்விடும். டீசல் எடுக்கும் குழாய் அடியிலிருந்து சற்று மேலே நிற்பதால், கடுவையாற்றுக்குள் படகு ஆடாமல் நிற்கும்வரை என்ஜினுக்கு நல்ல டீசல்தான் போகும். அலையில் ஏறி இறங்கியதும் அடித் தண்ணீர் கலங்கிக் குழாய்க்குள் போகிறது. வெள்ளைப்புகை தள்ளும், என்ஜின் சுற்றும் வேகம் (ஆர்.பி.எம்.) ஏறி இறங்கும், அப்புறம் நிற்கும். அது நிற்கிற இடம் பெரும்பாலும் அலை உடைகிற முகத்துவாரமாக இருப்பதுதான் எனக்குப் பயம். பம்பில் டீசலை அழுத்தும் பாகங்களுக்கும், டீசலை என்ஜினுக்குள் பீய்ச்சும் நாசிலுக்கும் தனி ஆயில் கிடையாது. டீசல்தான் ஆயில். அங்கே தண்ணீர் போனால் உராய்ந்து தேயும், துருப்பிடிக்கும். உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் சீக்கிரம்.

அந்தக் கறுப்புச் சளி அழுக்கில்லை. தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் வளரும் கிருமிக் கூட்டம். தண்ணீரை வடித்துவிட்டால் அதற்குப் பிழைப்பு இல்லை. ஆனால் ஒருமுறை வந்துவிட்டால் டேங்கைத் திறந்து தேய்த்துக் கழுவியே ஆக வேண்டும். புது ஃபில்டர் இரண்டு நாள்கூடத் தாங்காது.

"நான் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தலையே" என்பார்கள். ஊற்ற வேண்டியதில்லை. அரை டேங்க் டீசலோடு படகைக் கட்டிப்போட்டால் மீதி இடத்தில் இருப்பது காற்று. பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் டேங்கின் உள்சுவர் வேர்க்கும். ஆகவே தடைக்காலத்தில் டேங்க் நிறைய டீசல் போடுங்கள். இரண்டு மாதம் பணம் முடங்குமே என்றால், முழுக்கக் காலி செய்து துடைத்துக் காயவிடுங்கள். அரை டேங்க் மட்டும் வேண்டாம். மூடியின் ரப்பர் வாஷரையும் பாருங்கள். டேங்கின் காற்றுக்குழாயின் வாய் படகின் தளத்தை ஒட்டி இருந்தால் அலைத் தண்ணீர் நேராக உள்ளே போகும். அதை உயர்த்தி, வாயைக் கீழ்ப்பக்கமாக வளைத்து விடுங்கள்.

அதிகம் ஏமாற்றுவது டீசல் சேர்த்து வைக்கும் பேரல். வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்த பேரலின் தலையில் மழைத் தண்ணீர் குளமாக நிற்கும். மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பகலில் சூடேறிய பேரல் இரவில் குளிரும்போது காற்றை உள்ளே இழுக்கிறது, மரையோரமாகத் தண்ணீரும் சேர்ந்து போகிறது. பேரலைப் படுக்கப்போட்டு, இரண்டு மூடியும் மூணு மணி, ஒன்பது மணி முள் மாதிரி கிடைமட்டத்தில் இருக்க வையுங்கள். வேட்டித் துணியில் வடிகட்டினால் தூசி நிற்கும், தண்ணீர் நிற்காது.

டீசலில் ஸ்பிரிட் ஊற்றினால் தண்ணீர் "கரைஞ்சிடும்" என்றொரு கைவைத்தியம் உண்டு. செய்யாதீர்கள். அடியில் கிடக்கும் தண்ணீரைக் கையைப் பிடித்துப் பம்புக்குக் கூட்டிப்போகிற வேலை அது. டீசல் சீக்கிரம் தீப்பிடிக்கவும் வழி செய்யும். பெட்ரோல் என்ஜின் கட்டிய ஃபைபர் படகுக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. தண்ணீர் கூடினால் அது எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடியில் தனியாகப் பிரியும். அடியை மட்டும் வடித்துப் பயனில்லை, அந்தப் பெட்ரோலையே மாற்ற வேண்டும்.

சரி, கிளம்பும் முன் என்ன செய்வது? படகு ஒரு ராத்திரி ஆடாமல் நிற்கட்டும். காலையில் ஸ்டார்ட்டரைத் தொடும் முன் டேங்கின் அடியையும், டீசல் குழாய் வழியில் இருக்கும் தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தையும் பாட்டிலில் வடியுங்கள். தெளிந்த டீசல் வரும்வரை வடிக்க வேண்டும். வடித்ததை ஆற்றில் ஊற்றாமல் கேனில் சேருங்கள். பிறகு ஃபில்டர் மாற்றி, ஏர் எடுத்து (டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி), ஸ்டார்ட் செய்யலாம். உள்ளூரில் அடித்த டேங்குகள் பலவற்றில் அடிக் குழாயே இல்லை. அப்படியென்றால் மூடி வழியாக ஹோஸ் விட்டுக் கைப்பம்பால் அடியை உறிஞ்சுங்கள். அடுத்த தடைக்காலத்தில் குழாய் வைத்துவிடுங்கள்.

கடலில் நின்றுவிட்டால், விடாமல் ஸ்டார்ட்டர் அடித்து பேட்டரியைக் காலி செய்ய வேண்டாம். நல்ல டீசல் 20 லிட்டர் கேன் ஒன்றும், ஒரு முழு ஹோஸும் எப்போதும் படகில் இருக்கட்டும். டேங்க் குழாயைக் கழற்றிக் கேனிலிருந்து நேரே கொடுத்து, ஏர் எடுத்துவிட்டு ஓட்டி வாருங்கள். என்ஜினில் மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாயையும் அதே கேனுக்குள் போட மறக்காதீர்கள். ஒருவர் மறந்து, கேன் டீசல் முக்கால்வாசியும் தண்ணீர் கிடக்கும் பழைய டேங்குக்கே திரும்பிப் போக, பழையபடி எனக்குத்தான் போன் வந்தது.