கூட்டத்திலிருந்து ஒரு குரலைப் பிரித்தெடுத்தல்

பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவின் ‘தி கான்வர்சேஷன்’ (1974) சான் பிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்தில் தொடங்குகிறது. நண்பகல் கூட்டத்தில் ஓர் ஆணும் பெண்ணும் பேசியபடி சுற்றிச்சுற்றி நடக்க, உயரமான கட்டடத்திலிருந்து ஒருவர் துப்பாக்கியைப் போல் நீண்ட மைக்கை அவர்களை நோக்கிக் குறிவைத்திருக்கிறார்.

இந்த ஷாட்கன் மைக் தொலைவிலுள்ள ஒலியை அருகே இழுத்து வருவதில்லை. பக்கவாட்டு இரைச்சலை அடக்குவதே அதன் வேலை. அதன் குழாயில் நெடுகத் துளைகள் உண்டு. நேர் எதிரே வரும் ஒலி எந்தத் துளை வழியாக நுழைந்தாலும் ஒரே நேரத்தில் உள்ளிருக்கும் சவ்வை அடைந்து வலுப்பெறும். பக்கத்திலிருந்து வரும் ஒலியோ எல்லாத் துளைகளிலும் ஏறக்குறைய ஒரே கணத்தில் நுழைந்து, வெவ்வேறு தொலைவு கடந்து சவ்வை அடைவதால், ஓர் அலையின் முகட்டை இன்னொன்றின் பள்ளம் தணித்துவிடும். அலைநீளம் குழாயைவிடக் குறைவாக இருந்தால்தான் இது நன்றாக நடக்கும். அரை மீட்டர் குழாய்க்கு அந்த எல்லை சுமார் 700 ஹெர்ட்ஸ். பேருந்தின் உறுமல் அதற்குக் கீழே இருப்பதால் தப்பிவிடும். ஆனால் மெய்யொலிகளை வேறுபடுத்தும் கூறுகள் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கின்றன.

ஒட்டுக்கேட்பதையே தொழிலாகக் கொண்ட ஹாரி கால் (ஜீன் ஹேக்மன்) மூன்று இடங்களில் பதிவான நாடாக்களை ஒருசேர ஓடவிடுகிறார். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்வதால், 34 மீட்டர் தள்ளியிருக்கும் மைக்கில் பேச்சு நொடியின் பத்தில் ஒரு பங்கு பிந்திப் பதிவாகும். அந்தத் தாமதத்தைச் சரிசெய்து, ஒரே அளவில் பதிவான மூன்றையும் கூட்டினால் குரல் மூன்று மடங்காகும். ஒன்றோடொன்று தொடர்பற்ற இரைச்சல் ஏறக்குறைய 1.7 மடங்கே உயரும். இன்றைய கைபேசி மைக்குகளும் இதே கணக்கைத்தான் போடுகின்றன.

தெருவோர மேள ஒலிக்கு அடியில் புதைந்திருந்த வரி இப்படித்தான் வெளிவருகிறது: “வாய்ப்புக் கிடைத்தால் அவர் நம்மைக் கொன்றுவிடுவார்.” படம் பார்க்காதவர்கள் இதற்கு மேல் பிறகு படிக்கலாம். ‘கொன்றுவிடுவார்’ என்பதில் அழுத்தம் விழுந்தால் அது அச்சம். ‘நம்மை’ என்பதில் விழுந்தால், முந்திக்கொண்டு அவரைக் கொல்வதற்கான நியாயம். தமிழில் ‘நம்மையே’ என ஓர் ஏகாரம் சேர்ப்போம். ஆங்கிலத்தில் அந்த வேறுபாட்டைக் குரலின் ஏற்றமும் நீட்சியும் மட்டுமே சுமக்கின்றன. சொற்களை மீட்ட ஹாரி, அழுத்தத்தைத் தன் அச்சத்துக்கேற்பக் கேட்டுக்கொள்கிறார்.

ஒலி வடிவமைப்பாளர் வால்டர் மர்ச், அமைதியான பூங்கா ஒன்றில் நடிகர்களைப் பேசவைத்து மீண்டும் பதிவு செய்தபோது, நடிகர் ஃபிரெடெரிக் ஃபாரஸ்ட் ஒருமுறை அழுத்தத்தை ‘நம்மை’யில் வைத்துவிட்டார். பிழையென்று ஒதுக்கப்பட்ட அந்தப் பதிவைத்தான் மர்ச் படத்தின் இறுதிப் பகுதியில் ஒலிக்கவிட்டார்.