முன்னால் போகும் வண்டிக்கு எவ்வளவு இடைவெளி விடணும்?

போன வாரம் பெருந்துறையிலிருந்து அவிநாசி வரும்போது பார்த்தேன். நூல் மூட்டை ஏற்றிய லாரியை ஒட்டி ஒரு பைக். தார்ப்பாய்க் கயிறு ஓட்டுகிற பையன் முகத்தில் அடிக்கிற தூரம்தான். லாரியின் ஒரு பக்க பிரேக் லைட் சேறு அப்பி மங்கிக் கிடந்தது. அடிபட்டால், "லாரிக்காரன் திடீர்னு பிரேக் போட்டுட்டானுங்க" என்றுதான் வீட்டில் சொல்வார்கள். சட்டம் அதோடு விடாது.

முன்வண்டி சட்டென்று நின்றாலும் மோதாமல் நிறுத்தும் அளவுக்குப் போதிய இடைவெளி விட வேண்டும் என்பது மத்திய அரசின் 2017 வாகன ஓட்டுதல் விதி. தக்க காரணமில்லாமல் திடீர் பிரேக் போடக் கூடாது என்று முன்னால் போகிறவருக்கும் விதி இருக்கிறது. மீறினால் 500 முதல் 1,000 ரூபாய் வரை அபராதம்.

அபராதம்கூடப் பெரிதில்லை. நஷ்டஈட்டில்தான் பெரிய அடி விழும். 2017 ஜனவரியில் கோவையில் நடந்த விபத்து இது. நெடுஞ்சாலையில் கர்ப்பிணி மனைவிக்கு வாந்தி வருகிறதென்று ஒருவர் காரைச் சட்டென்று நிறுத்தினார். பின்னால் வந்த பொறியியல் மாணவரின் பைக் மோதியது. கீழே விழுந்தவர் மேல் பஸ் ஏறி, ஒரு கால் போய்விட்டது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கார்க்காரர் மேல் 50 சதவீதம், பஸ் டிரைவர் மேல் 30 சதவீதம் தவறு என்றது. மீதி 20 அந்த மாணவர் மேலேயே விழுந்தது. போதிய இடைவெளி விடவில்லை, செல்லுபடியாகும் லைசென்ஸும் இல்லை. சுமார் 1.14 கோடி ரூபாய் நஷ்டஈட்டில் 20 சதவீதம் கழிந்து, சுமார் 91 லட்சம்தான் கிடைத்தது. காலை இழந்த பிள்ளைக்கு அந்த 23 லட்சம் எவ்வளவு பெரிய தொகை!

சரி, போதிய இடைவெளியை எப்படி அளப்பது? முன்வண்டி ஒரு கிலோமீட்டர் கல்லைத் தாண்டியதும் எண்ணத் தொடங்குங்கள். அந்தக் கல்லுக்கு நீங்கள் வர இரண்டு நொடியாவது ஆக வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது சுமார் 44 மீட்டர். ஆடிச் சாரலில் ரோடு நனைந்திருந்தால் நான்கு நொடி விடுங்கள். லோடு வண்டி ஓட்டுகிறவர்களும் அப்படித்தான், இரண்டு நொடி போதாது.

"இடம் விட்டா நடுவுல இன்னொருத்தன் பூந்துக்குவானுங்க" என்பார்கள். நுழையட்டும். ஆக்ஸிலேட்டரை விட்டுக் காலை எடுத்தால் இடைவெளி திரும்ப வந்துவிடும். அவிநாசி போவதற்குள் பத்து வண்டி நுழைந்தாலும் நமக்கு அரை நிமிடம்கூடத் தாமதம் ஆகாது.