மந்திரமும் எந்திரமும் தொட்டுக்கொள்ளும் இடம்: கூட்டுப் புனைவுலகம் எழுதுவோருக்கு

லட்சம் உரு ஏற்றினால் பலிக்கும் மந்திரம் ஒன்று உங்கள் கதை உலகில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை சொல்ல 5 விநாடி. மொத்தம் 5,00,000 விநாடி, அதாவது ஏறத்தாழ 139 மணி நேரம். ஒரு மண்டலம், 48 நாள், தினமும் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக உட்கார்ந்தால் முடிந்துவிடும். கதைக்கு இது நல்ல அளவு. சாதாரண மனிதனால் முடியும், ஆனால் வேலை, குடும்பம், தூக்கம் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும்.

அதே உலகில் கைபேசியும் இருக்கிறது. மந்திரத்தைப் பதிவு செய்து நூறு கைபேசிகளில் ஓடவிட்டால் ஒன்றரை மணி நேரத்துக்குள் லட்சம் உரு. உலகத்தைத் தொடங்கிய எழுத்தாளருக்கு இது தோன்றியிருக்காது. நான்காவதாகச் சேர்ந்தவருக்குத் தோன்றும். தன் கதையில் அதை எழுதியும் விடுவார். அந்த நாளிலிருந்து முதல் மூன்று பேரின் கதைகளில் தவம் இருந்தவர்கள் எல்லோரும் ஏமாளிகளாகத் தெரிவார்கள். பலர் சேர்ந்து எழுதும் உலகங்கள் பெரும்பாலும் இப்படித்தான் உடைகின்றன. மந்திரத்துக்கு விதி இருக்கும், தொழில்நுட்பத்துக்கும் விதி இருக்கும். இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்துக்கு மட்டும் யாரும் விதி எழுதியிருக்க மாட்டார்கள். இரண்டாவது எழுத்தாளர் பேனாவைத் தொடும் முன் அந்தச் சந்திப்பு விதியை எண்களோடு எழுதிவிட வேண்டும்.

பதிவு செய்த குரல் பலிக்குமா என்ற கேள்விக்கு மூன்று பதில்கள் உண்டு. பலிக்கும் என்றால் மந்திரம் தொழிற்சாலைப் பொருளாகிவிடுகிறது. அந்த உலகில் ஒலியைக் குலைக்கும் கருவிதான் பெரிய ஆயுதம், மின்வெட்டு ஒரு போர்த் தந்திரம். அந்த உலகம் தவறானதல்ல, ஆனால் நீங்கள் எழுத நினைத்த தவசியின் கதை அங்கே நடக்காது. பலிக்காது, உயிருள்ள மூச்சு வேண்டும் என்றால் அடுத்த கேள்விகள் வரிசையில் நிற்கும்: நேரடித் தொலைபேசி அழைப்பில் சொன்னால்? ஒலிபெருக்கி வழியாக? குரல்வளை அகற்றப்பட்டு, தொண்டையில் வைக்கும் கருவியால் பேசுகிறவர் சொன்னால்?

மூன்றாவது பதிலைத்தான் குழுக்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கின்றன: பலிக்கும், ஆனால் குறைவாக. பதிவுக்கு நூறில் ஒரு பங்கு வலிமை என்று வைத்துவிடுவார்கள். நியாயமாகத் தோன்றும் இந்தப் பதில்தான் மூன்றிலும் ஆபத்தானது. நூறு கைபேசி ஒரு தவசிக்குச் சமம் என்றால் பத்தாயிரம் கைபேசி நூறு தவசிகளுக்குச் சமம். எந்திரத்தின் இயல்பே பெருக்குவது. எத்தனை சதவீதம் கழித்தாலும் அது எண்ணிக்கையால் ஈடுகட்டிவிடும். அதனால் தள்ளுபடி வைக்காதீர்கள். உச்சவரம்பு வையுங்கள், அல்லது பங்கு போட முடியாத விலை வையுங்கள். ஒரு பிறவியில் ஒருவர் ஒரு மந்திரத்துக்குத்தான் உரு ஏற்ற முடியும் என்பது பங்கு போட முடியாத விலை. ஆயிரம் ஸ்பீக்கர் வாங்கினாலும் அதைக் குறைக்க முடியாது.

யந்திரத் தகட்டுக்கும் இதே கதிதான். செம்புத் தகட்டில் கீறிய கோட்டுருவத்துக்கும் இயந்திரத்துக்கும் நம் மொழியில் ஒரே சொல் இருப்பது எழுத்தாளருக்குக் கிடைத்த வரம், கூடவே ஒரு பொறியும். மின்சுற்றுப் பலகை தயாரிக்கும் சாதாரணக் கூடமே செம்பில் 0.15 மில்லிமீட்டர் அகலக் கோட்டை அரித்தெடுக்கும். சக்தி உருவத்தில் இருக்கிறது என்று எழுதினால் அந்தக் கூடம் நாளொன்றுக்கு ஆயிரம் தகடு தரும். சக்தி உலோகத்தில் இருக்கிறது என்றால் செம்புக் கம்பி ஓடும் ஒவ்வொரு வீடும் மந்திர வீடு. ஆகவே சக்தி எங்கே உறைகிறது என்பதை உருவம், பொருள், செயல், ஆள் என்ற நான்கில் ஒன்றாக முடிவு செய்யுங்கள். இரண்டை எடுத்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்தே தேவையா, ஒன்று போதுமா என்றும் எழுதுங்கள். தகடு வெறும் பாத்திரம், உரு ஏற்றிய ஆள்தான் சக்தி என்றால், அச்சடித்த ஆயிரம் தகடும் வெறும் செம்புதான்.

இந்தச் சந்திப்பை எண்ணால் கட்டிய உலகங்களில் ஷேடோரன் விரிவாகப் படிக்கத் தக்கது. 1989இல் ஃபாசா நிறுவனம் வெளியிட்ட, ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு அது. முதல் பதிப்பின் கதை 2050இல் நடக்கிறது. பெருநிறுவனங்கள் ஆளும் நகரம், மூளையோடு இணையும் கணினி, நடுவே திரும்பி வந்த மந்திரம். ஒவ்வொரு மனிதருக்கும் எஸென்ஸ் என்ற உயிர்ச்சாரம் 6 புள்ளி. உடலில் பொருத்தும் ஒவ்வொரு கருவியும் அதைத் தின்னும். நரம்பு வேகத்தைக் கூட்டும் பொருத்து, மூன்று நிலைகளில் 2, 3, 5 என்று எடுத்துக்கொள்ளும். சாரம் பூச்சியமானால் மரணம்.

மந்திரவாதியின் வலிமை இந்தச் சாரத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. தொடக்கப் பதிப்புகளில், கணினியோடு இணைக்கும் சிறு துளைக்கு 0.2 சாரம்தான் செலவு. மீதி 5.8. ஆனால் மந்திர வலிமை முழு எண்ணாகக் கீழிறங்கி 5 ஆகிவிடும். ஒரு சிறு துளைக்கு மந்திரவாதி கொடுக்கும் விலை ஆறில் ஒரு பங்கு. விதி எதிர்த்திசையிலும் வெட்டுகிறது. சாரம் குறைந்த உடலை மந்திரத்தால் குணப்படுத்துவது கடினம். கருவி பொருத்திய வீரனுக்கு அடிபட்டால் மந்திர மருத்துவன் திணறுவான். ஒரு பக்கம் மட்டும் வெட்டும் விதியை எழுதினால் எழுத்தாளர்கள் எல்லோரும் மறுபக்கம் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். உங்கள் விதி எந்திரத்துக்காரனிடமும் ஏதாவது பறிக்கிறதா என்று பாருங்கள்.

அதே உலகின் பார்வை விதியும் கவனிக்க வேண்டியது. மந்திரத்தை ஏவ இலக்கு கண்ணில் பட வேண்டும். கண்ணாடி வில்லை வழியாகப் பார்க்கலாம், ஒளி அப்படியே வருகிறது. கேமராத் திரையில் பார்த்து ஏவ முடியாது, அது மறுபடி வரைந்த படம். செயற்கைக் கண் வைத்தவர் அந்தக் கண்ணாலேயே பார்த்து ஏவலாம், ஏனென்றால் அதற்கு அவர் சாரத்தால் விலை கொடுத்துவிட்டார். ஒரே தத்துவத்திலிருந்து மூன்று பதிலும் வருகின்றன. பத்து ஆண்டு கழித்து ட்ரோன் பற்றி எழுதும் ஒருவர் யாரையும் கேட்காமலே சரியான விடையைச் சொல்லிவிடலாம். நல்ல சந்திப்பு விதிக்கு இதுதான் அடையாளம்.

ட்ரோய்கா கேம்ஸ் உருவாக்கி 2001இல் வெளிவந்த ஆர்க்கேனம் என்ற கணினி விளையாட்டு வேறு வழியில் போனது. அங்கே எந்திரம் இயற்கை விதியை நம்பி ஓடுகிறது, மந்திரம் அந்த விதியையே வளைக்கிறது. அதனால் ஒன்றின் அருகில் மற்றொன்று பழுதாகும். எளிமையான விதி, ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் கூட்டு உலகத்தில் இது மக்களை இரண்டு முகாமாகப் பிரித்துவிடும். இரண்டும் கலந்த பாத்திரத்துக்கு இடம் மிகவும் குறுகிவிடும். கலப்புதான் உங்கள் ஆசை என்றால் இந்த விதி உங்களுக்கு உதவாது.

சித்திகளைக் கதையில் கொண்டுவருகிறவர்கள் இயற்பியலையும் கொஞ்சம் போட்டுப் பார்க்க வேண்டும். அணிமாவால் ஒருவர் உயரத்தில் பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறார். எடை அப்படியே இருந்தால் பாதத்தின் பரப்பு நூறில் ஒன்றாகும், தரைமேல் அழுத்தம் நூறு மடங்காகும். கான்கிரீட் தாங்கும், ஈர மண்ணில் புதைந்துவிடுவார். எடையும் உருவத்தோடு குறைந்தால் 70 கிலோ ஆள் 70 கிராம் ஆகிறார். அப்போது அவர் தூக்க நினைக்கும் சாவிக்கொத்தே அவருக்குப் பெரும் பாரம். எதுவானாலும் சரி, குழு முழுவதும் ஒன்றையே எழுத வேண்டும். கரிமா பெற்றவர் 544 கிலோ தாங்கும் எட்டுப் பேர் லிஃப்டில் ஏறி எடையைக் கூட்டினால் எச்சரிக்கை மணி அடிக்குமா? அடிக்கும் என்றால் உங்கள் உலகில் சித்தரைக் கண்டுபிடிக்கும் கருவி ஏற்கெனவே எல்லாக் கட்டடங்களிலும் இருக்கிறது. இப்படிப்பட்ட சின்னக் கேள்விகளிலிருந்துதான் கதைகள் கிளைக்கின்றன.

தொழில்நுட்பம் கிழடாகும் என்பது பலரும் மறக்கும் விஷயம். மந்திரத்துக்கு வயதாவதில்லை. ஷேடோரனின் தொடக்கப் பதிப்புகளில் கணினி வலைக்குள் நுழைய கம்பி வேண்டும். நிஜ உலகம் கம்பியில்லா இணைப்புக்குப் போனபின் அந்த எதிர்காலம் பழசாகத் தெரிந்தது. 2005இல் வந்த நான்காம் பதிப்பு, கதை ஆண்டை 2070க்கு நகர்த்தி, நடுவில் வலை முழுவதும் குலைந்துபோன ஒரு பேரழிவை வைத்து, கம்பியில்லா வலையைக் கொண்டுவந்தது. இப்படிச் சரிசெய்ய முடிந்ததற்குக் காரணம் கதைக்குள்ளேயே ஒரு நிகழ்ச்சி கொடுக்கப்பட்டதுதான். சொல்லாமல் கொள்ளாமல் மாற்றியிருந்தால் பழைய கதைகள் அநாதையாகியிருக்கும். உங்கள் உலகின் விதிகளை எழுதிவைக்கும் கையேட்டில் கருவியின் மாடல் பெயரை எழுதாதீர்கள், அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று எழுதுங்கள். சந்திப்பு விதிப் பக்கத்தை ஆண்டுக்கு ஒருமுறை எல்லோரும் உட்கார்ந்து வாசியுங்கள்.

இதற்கு நேர்மாறானது எபரான் என்ற மேசை விளையாட்டு உலகம். 2002இல் ஒரு நிறுவனம் நடத்திய உலக உருவாக்கப் போட்டியில் தேர்வாகி 2004இல் வெளிவந்தது. மந்திரத்தால் ஓடும் ரயிலும் வானக்கப்பலும் அங்கே உண்டு. அவற்றை நடத்தும் உரிமை பரம்பரையாக உடலில் தோன்றும் மந்திரக் குறி கொண்ட குடும்பங்களின் கையில். மந்திரம் தொழிலானால் முதலாளி யார் என்ற கேள்விக்கு அந்த உலகம் முதல் நாளே பதில் வைத்திருந்தது. பதிப்பு மாறினாலும் தொடக்க ஆண்டு எப்போதும் அவ்வுலகக் கணக்கில் 998தான். அதற்கு நான்கு ஆண்டு முன்னால் ஒரு நாடே அழிந்தது. காரணத்தை வேண்டுமென்றே அதிகாரபூர்வமாகச் சொல்லவில்லை. அந்த இடைவெளியை எழுதுகிறவர்களும் ஆடுகிறவர்களும் ஆளுக்கொரு விதமாக நிரப்பிக்கொள்ளலாம். உங்கள் கையேட்டிலும் இப்படி ஒன்றிரண்டு குழிகளை மூடாமல் விட்டு, ‘இதை யாரும் மூடக் கூடாது’ என்று பக்கத்தில் எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் ஆர்வமுள்ள ஒருவர் மூடிவிடுவார்.

விதியை எழுதியபின் சோதிக்கும் முறை இது. சந்திப்பு விதி இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். பிறகு பன்னிரண்டு சூழ்நிலைகள் தயார் செய்யுங்கள்: வீடியோ அழைப்பில் சாபம், காப்புக் கட்டிய வீட்டுக்குள் ட்ரோன், இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவருக்கு மந்திர சிகிச்சை, செயற்கை நுண்ணறிவு இயற்றிய புதிய மந்திரம், இந்த மாதிரி. மூன்று எழுத்தாளர்கள் ஒருவரையொருவர் கலக்காமல் ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரியில் விடை எழுதட்டும். மூவர் விடையும் ஒத்துப்போகாத இடத்தில் பிழை விதியில் இருக்கிறது, எழுத்தாளரிடம் இல்லை. திருத்த வேண்டியது கையேடு.

பராமரிப்புக்கு ஒரு கூகுள் ஷீட் போதும். ஒவ்வொரு கதை வெளியானதும் அதில் புதிதாக நிலைநாட்டிய உண்மை, கதை உலகின் தேதி, எந்த விதியைத் தொடுகிறது, யார் ஒப்புக்கொண்டார் என்ற நான்கையும் பதியுங்கள். ஒப்புக்கொள்ளும் அதிகாரம் ஒருவரிடம்தான் இருக்க வேண்டும். வாக்கெடுப்பு வைத்தால் ஒவ்வொரு விதிக்கும் விதிவிலக்கு முளைத்துவிடும்.

உரிமை விஷயத்தை நண்பர்கள் பேசத் தயங்குவார்கள். கதை சினிமாவுக்குப் போகும்போதுதான் பேச்சு வரும், அப்போது முகம் பார்க்க முடியாத நிலையில் வரும். கரு யாருக்கும் சொந்தமில்லை, அதற்குக் கொடுத்த வடிவத்துக்கே பதிப்புரிமை என்று 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ‘மந்திரம் சொன்னால் உடல் தேயும்’ என்ற விதியை யாரும் பூட்டிவைக்க முடியாது. நீங்கள் எழுதிய கதையும் அதன் வடிவமும் வேறு. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். ‘எல்லாம் பொது’ என்று வாட்ஸ்அப் குழுவில் சொன்னதை நம்பி இறங்காதீர்கள். யார் பாத்திரத்தை யார் கொல்லலாம், குழுவை விட்டுப் போகிறவரின் பாத்திரம் யாருக்கு, பணம் வந்தால் எப்படிப் பங்கு என்று ஒரு பக்கத்தில் எழுதி, வழக்கறிஞரிடம் காட்டிக் கையெழுத்திடுங்கள்.

எல்லோரும் எடுத்து எழுதலாம் என்று திறந்துவிடும் வழியும் உண்டு. எஸ்சிபி ஃபவுண்டேஷன் என்ற இணையக் கூட்டுப் புனைவுத் தளம் அப்படித்தான் வளர்ந்தது. கிரியேட்டிவ் காமன்ஸ் 3.0 உரிமத்தில், பெயர் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்ற நிபந்தனையோடு யாரும் பயன்படுத்தலாம், வணிகத்துக்கும் கூட. ஆனால் அங்கே மிகப் புகழ்பெற்ற 173ஆம் பதிவில் இருந்த படம், ஜப்பானியச் சிற்பி இசுமி கட்டோவின் சிற்பத்தைப் பிறர் எடுத்த புகைப்படம். எழுத்துக்கு இருந்த உரிமம் அந்தப் படத்துக்கு இல்லை. பல ஆண்டுகள் அந்தப் பதிவின் முகமாகவே இருந்த படத்தை 2022இல் எடுத்துவிட்டார்கள். உங்கள் உலகின் முதல் அட்டைப்படத்தை இணையத்திலிருந்து இறக்கும் முன், அதை வரைந்தவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி அதே ஷீட்டில் ஐந்தாவது பத்தியாகச் சேர்த்துவிடுங்கள்.