ஒரு மெழுகுவர்த்தி கூடினால் டூம் ஏன் தடுமாறுகிறது?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "சார், நானும் அண்ணனும் டூம் என்ற பழைய துப்பாக்கிச் சண்டைக் கணினி விளையாட்டை ஆடுகிறோம். அண்ணனுக்குப் போட்டிதான் முக்கியம். ஒருவரையொருவர் சுட்டு ஆடும் டெத்மேட்ச் ஆடுவார், இல்லையென்றால் ஒரு மேப்பை, அதாவது ஓர் ஆட்டக் களத்தை, எத்தனை நொடியில் முடிக்கலாம் என்று தன் ஆட்டத்தை டெமோ கோப்பாகப் பதிவு செய்துகொண்டே இருப்பார். எனக்கு மாட் செய்வதில்தான், அதாவது விளையாட்டை நம் விருப்பப்படி மாற்றியமைப்பதில்தான் ஆசை. போன வாரம் ஒரு மேப்பின் மூலையில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி வைத்தேன். அதன் பிறகு அந்த மேப்பில் அண்ணனுடைய பழைய டெமோவை ஓட்டினால், அவருடைய ஆள் சுவரைப் பார்த்துச் சுட்டுவிட்டுச் செத்துப்போகிறான். 'நீ கை வைத்தாலே உருப்படாது' என்று திட்டுகிறார். மெழுகுவர்த்திக்கும் சண்டைக்கும் என்ன சம்பந்தம்?"

நேரடிச் சம்பந்தம் இருக்கிறது தம்பி. இதுபோன்ற பழைய ஷூட்டர் விளையாட்டுகளில் போட்டியாளர்களும் மாட் செய்பவர்களும் முப்பது வருடமாக முறைத்துக்கொண்டு திரிவதற்கான காரணமும் அந்த மெழுகுவர்த்திக்குள்தான் இருக்கிறது.

டூம் வெளிவந்தது 1993 டிசம்பர் 10. அன்றைய மோடம்களின் வேகத்தில் ஒவ்வொரு பூதமும் எங்கே நிற்கிறது, ஒவ்வொரு ராக்கெட்டும் எங்கே பறக்கிறது என்று அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. அதனால் அதை உருவாக்கியவர்கள் எதையுமே அனுப்பவில்லை, விசைகளைத் தவிர. டூமின் உலகம் நொடிக்கு 35 முறை ஓரடி நகர்கிறது. அந்த ஓரடிக்கு டிக் என்று பெயர். ஒவ்வொரு டிக்குக்கும் ஒவ்வோர் ஆட்டக்காரரின் கணினியும் மற்றவர்களுக்குத் தருவது 8 பைட்தான்: முன்னே பின்னே எவ்வளவு, பக்கவாட்டில் எவ்வளவு, எவ்வளவு திரும்பினார், சுட்டாரா, கதவைத் திறந்தாரா, அரட்டையில் ஓர் எழுத்து, கடைசியாக ஒரு சரிபார்ப்பு எண்.

போனில் சதுரங்கம் ஆடுவது மாதிரி இது. கோவையில் ஒருவர், சித்தூரில் ஒருவர், ஆளுக்கொரு பலகை. "குதிரையை அங்கே வைத்தேன்" என்று சொன்னால் போதும், பலகையைப் படமெடுத்து அனுப்ப வேண்டியதில்லை. இரண்டு பலகையும் முதலிலிருந்தே ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. டெமோ கோப்பும் இதே கதைதான். அதில் படமும் இல்லை, இடமும் இல்லை. டிக் ஒன்றுக்கு 4 பைட் விசைப் பதிவு, நொடிக்கு 140 பைட். ஒரு முழு நிமிடச் சண்டை 8,400 பைட்டில் அடங்கிவிடுகிறது. அண்ணனுடைய டெமோவை ஓட்டும்போது உங்கள் கணினி எதையும் திரும்பக் காட்டவில்லை. அவர் அழுத்திய விசைகளை வாங்கிக்கொண்டு அந்த ஆட்டத்தை முதலிலிருந்து மறுபடி ஆடுகிறது.

அப்படியென்றால் எல்லாக் கணினியிலும் எல்லாக் கணக்கும் கடைசி இலக்கம் வரை ஒன்றாக வர வேண்டும். டூம் தசமப் புள்ளிக் கணக்கை நம்பாமல் முழு எண்களை வைத்தே எல்லாவற்றையும் கணக்கிடுகிறது. 32 பிட்டில் பாதி முழுப் பகுதி, பாதி பின்னப் பகுதி. அன்றைய கணினிகளில் வேகத்துக்காகச் செய்தது, ஒற்றுமைக்கும் உதவியது. இதுவரை சரி. ஆனால் சண்டையில் அதிர்ஷ்டம் என்று ஒன்று இருக்கிறதே? பிஸ்டல் குண்டு பட்டால் சில சமயம் 5, சில சமயம் 10, சில சமயம் 15 சேதம். இரண்டு கணினிகள் தனித்தனியாகப் பகடை உருட்டி ஒரே எண்ணை எப்படிப் பெறும்?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. டூமில் பகடையே இல்லை. 256 எண்கள் கொண்ட ஓர் அட்டவணை இருக்கிறது. 0, 8, 109, 220, 222, 241, 149, 107 என்று போகிறது. யாராவது "ஒரு சீரற்ற எண் கொடு" என்று கேட்டால், ஒரு சுட்டு, அதாவது எந்த எண்ணில் நிற்கிறோம் என்று காட்டும் குறி, அட்டவணையில் ஒரு படி நகர்ந்து அடுத்த எண்ணை எடுத்து நீட்டும். 256 முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. புது ஆட்டம் தொடங்கும்போதெல்லாம் சுட்டு பூஜ்யத்துக்கு வந்து நிற்கும். அவ்வளவுதான் டூமின் விதி! எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இந்த அட்டவணையிலிருந்து எண் கேட்பவர்களின் வரிசை மிக நீளமானது. ஷாட்கன் ஒரு முறை வெடித்தால் 7 சில்லுகள். ஒவ்வொரு சில்லும் சேதத்துக்கு ஓர் எண்ணும், எவ்வளவு விலகிப் போக வேண்டும் என்பதற்கு இரண்டு எண்களும் எடுக்கிறது. ஆக 21. சில்லு சுவரில் பட்டு எழும் சின்னப் புகைக்குக்கூட எண்கள் தேவைப்படுகின்றன. பூதம் வலியில் துடிக்க வேண்டுமா, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், விளக்கு எப்போது மினுக்க வேண்டும் என எல்லாவற்றுக்கும் அதே வரிசை. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், டூமில் எந்தப் பொருள் உருவானாலும், பூதமோ மருந்துப் பெட்டியோ, "இது முதலில் எந்த ஆட்டக்காரரைத் தேட வேண்டும்" என்று முடிவு செய்ய ஓர் எண் எடுக்கப்படுகிறது. அந்தக் கேள்வி பூதத்துக்குத்தான் பொருந்தும். ஆனால் நிரல் ஆள் பார்த்துக் கேட்பதில்லை, எல்லாவற்றுக்கும் கேட்கிறது.

மெழுகுவர்த்திக்கும்தான். யாரையும் தேடாத, மோதினாலும் தடுக்காத, வெறும் அலங்காரப் பொருள் அது. மேப் ஏறும்போதே ஓர் எண்ணை விழுங்கிவிடுகிறது. அதற்கு அடுத்து வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு படி தள்ளிய எண் கிடைக்கிறது. அண்ணன் சுட்டபோது 15 சேதம் வாங்கி விழுந்த பூதம் இப்போது 5 மட்டும் வாங்கிக்கொண்டு நிற்கிறது, நின்று திருப்பிச் சுடுகிறது. டெமோவில் பதிவான விரல்களுக்கு இது தெரியாது. பூதம் செத்துவிட்டது என்று அடுத்த அறைக்கு ஓடப் பார்க்கின்றன. மீதியை நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

இன்னொரு நுணுக்கம். டூமில் சுட்டுகள் இரண்டு. சண்டைக்கு ஒன்று, ஒப்பனைக்கு ஒன்று. திரையின் கீழே ஒரு முகம் இடமும் வலமும் பார்த்துக்கொண்டிருக்குமே, அது ஒப்பனைச் சுட்டிலிருந்து எண் எடுக்கிறது. ஒவ்வொரு கணினியிலும் அந்தந்த ஆட்டக்காரரின் முகம்தான் திரையில் இருக்கும். இப்படிக் கணினிக்குக் கணினி மாறும் ஒப்பனைகள் சண்டைச் சுட்டை வேறு வேறு அளவில் நகர்த்தினால், நான்கு பேர் ஆடும் ஆட்டம் நான்கு வேறு ஆட்டங்களாகப் பிரிந்துவிடும். யாரோ உட்கார்ந்து இதை யோசித்திருக்கிறார்கள். இதற்காகவே அந்த நிரலைப் படிக்கலாம்.

மீனாட்சிபுரம் பக்கம் நான் போய்வந்த பிரௌசிங் சென்டரில் ராசியான மௌஸ், ராசியான நாற்காலி என்றெல்லாம் உண்டு. தமிழ்ப் பையன், மலையாளப் பையன் என்ற பேதமே கிடையாது, இந்த விஷயத்தில் எல்லோரும் ஒரே கட்சி. ஆயுத பூஜைக்குக் கணினிக்குப் பொட்டு வையுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் டூமில் உங்கள் அதிர்ஷ்டம் 1993-லேயே அச்சாகிவிட்டது. நேற்று அழுத்திய அதே விசைகளை அதே டிக்குகளில் இன்றும் அழுத்தினால், எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அதே சேதம்தான். ஆட்டத்தை டிக் டிக்காக நிறுத்தி நகர்த்தும் மென்பொருள் கருவியின் உதவியோடு டெமோ செய்பவர்கள் இதை வைத்தே பிழைக்கிறார்கள். ஒரு டிக் தாமதித்துச் சுட்டால் அதற்குள் பூதங்களும் விளக்குகளும் அட்டவணையைக் கொஞ்சம் நகர்த்திவிடும், நல்ல எண் வரும்வரை பார்த்துச் சுடலாம்.

நெட்வொர்க்கில் ஒருவரிடம் மெழுகுவர்த்தி உள்ள மேப்பும் மற்றவரிடம் இல்லாத மேப்பும் இருந்தால் என்ன ஆகும்? அந்த 8 பைட்டில் சரிபார்ப்பு எண் என்றேனே, அது ஆட்டக்காரர் நிற்கும் இடத்தின் கிழக்கு மேற்கு அளவு. இரு பக்கமும் அது ஒத்துப்போகவில்லை என்றால் ஆட்டம் பிழை சொல்லி நின்றுவிடும். ஏதோ ஒரு மூலையில் ஒரு பூதம் மட்டும் இரண்டு கணினியில் இரண்டு மாதிரி நடந்தால் உடனே தெரியாது. அந்த வித்தியாசம் யாராவது ஓர் ஆட்டக்காரரை வந்து தொடும்வரை இருவரும் வேறு வேறு உலகத்தில் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இப்போது அண்ணன் பக்கம் வருவோம். அவருடைய சொத்து பழைய டெமோக்கள். அவை உயிரோடு இருக்க வேண்டுமென்றால் டூமில் ஒரு பிழையைக்கூடத் திருத்தக் கூடாது. ஓடும்போது முன்னோக்கிய உந்துதல் 50, பக்கவாட்டில் 40. இரண்டையும் சேர்த்து அழுத்தினால், பிதாகரஸ் கணக்குப்படி, 64. அதாவது நேராக ஓடுவதைவிடக் குறுக்காக ஓடுவது சுமார் 28 சதவீதம் வேகம். கணித ஆசிரியர் பார்த்தால் இது தவறு. போட்டியாளருக்கு இதுதான் ஓடும் கலை. மேப்பில் எரியும் மண்டையோடுகள் 20-க்கு மேல் இருந்தால் அவற்றைத் துப்பும் பூதம் புதிதாகத் துப்பாது என்று ஒரு வரம்பு உண்டு. பெரிய மேப் செய்பவருக்கு அது எரிச்சல். அந்த வரம்பை நம்பி ஓடியவருக்கு அது ஆட்டத்தின் சட்டம்.

தம்பிக்கும் அதே வீட்டிலிருந்துதான் சொத்து வந்தது. மேப், படம், ஒலி எல்லாவற்றையும் நிரலுக்குள் புதைக்காமல் வாட் என்ற தனிக் கோப்பில் வைத்தார்கள், பிறர் மாற்றிக்கொள்ளட்டும் என்று. படத்தையும் ஒலியையும் எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றுங்கள், அட்டவணை அசையாது, அண்ணனும் கோபித்துக்கொள்ள மாட்டார். மேப்பில் பொருள் வைத்தாலோ, பூதத்தின் அசைவு நேரத்தை மாற்றினாலோதான் வம்பு. 1997 டிசம்பரில் நிரலையே திறந்துவிட்டார்கள், 1999-இல் அது ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்துக்கு வந்தது. அந்த நிரலை வைத்துப் பலர் தங்கள் வடிவங்களைச் செய்தார்கள், அப்புறம் பாதை பிரிந்தது. சாக்லேட் டூம் பழைய பிழைகளைப் பிழையாகவே காப்பாற்றுகிறது. ஜிடூம் (ZDoom) வழி வந்தவை பழைய டெமோக்களைக் கைவிட்டு, மாட் செய்பவர்களுக்குக் கதவை அகலத் திறந்தன.

இந்த நிரலைப் படிக்கக் காசு வேண்டாம், இணையம் போதும். ஆனாலும் நம் பக்கத்துக் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் என்றால் முகம் பார்த்து வருகைப் பதிவு செய்யும் அதே பழைய சரக்கை விலை கொடுத்து வாங்கிக் கட்டுகிறார்கள். கேரளப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறி வருடங்கள் ஆகின்றன. கருவி வந்துவிட்டது, உள்ளே பார்க்கச் சொல்லித்தர ஆள் வரவில்லை. பெரிய திரைக்கும் பலகைக்கும் கிடைக்கும் நிதியில் ஒரு துளியைப் பழைய மென்பொருளைப் பாதுகாக்கவும் படிக்கவும் ஒதுக்கினால் என்ன என்பது என் நெடுநாள் புலம்பல்.

1996-இல் வந்த குவேக் என்ற ஷூட்டர், விசைகளை மட்டும் பகிரும் இந்த அமைப்பையே மாற்றியது. உண்மை ஒரே சர்வரில் இருக்கும், மற்றவர்கள் அதைப் பார்ப்பார்கள். மாட் சர்வரில் ஓடியதால் அண்ணன் தம்பிச் சண்டை கொஞ்சம் குறைந்தது. டீம் ஃபோர்ட்ரஸ் என்ற விளையாட்டு அங்கே ஒரு 'மாட்' ஆகத்தான் பிறந்தது. கவுண்டர் ஸ்ட்ரைக்கும் 1999-இல் ஹாஃப் லைஃப் என்ற ஷூட்டரின் 'மாட்' ஆக வந்ததுதான். இன்று அதில் போட்டி ஆடிக்கொண்டே மாட் செய்பவர்களை இளக்காரமாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும்.

டூமுக்குள் சமரசம் வேறு விதமாக வந்தது, எனக்கு அதுதான் அழகாகத் தெரிகிறது. 1998-இல் வந்த பூம் என்ற வடிவம், எண் கேட்பவர்களை வகை பிரித்து ஒவ்வொரு வகைக்கும் தனி வரிசை கொடுத்தது. ஒரு வரிசையின் நகர்வு மற்றதைக் கலைப்பது வெகுவாகக் குறைந்தது. இன்னொரு பொறியையும் அவர்கள் கண்டார்கள். "ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணைக் கழி" என்று சி மொழியில் ஒரே வரியில் எழுதினால் எதை முதலில் எடுப்பது என்று மொழி சொல்வதில்லை. நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர்களில் ஒன்று இடமிருந்து எடுக்கும், இன்னொன்று வலமிருந்து எடுக்கும். குறி மாறும், குண்டு மறுபக்கம் போகும். அந்த வரிகளை எல்லாம் தேடிப் பிரித்து எழுதினார்கள். பின்னால் வந்த பிஆர்பூம் பிளஸ், எந்தக் காலத்து டூமாக நடந்துகொள்ள வேண்டும் என்று ஓர் எண் கொடுத்துத் தேர்ந்தெடுக்க வைத்தது: 2 என்றால் பழைய டூம் 2, பிழைகளோடு, 9 என்றால் பூம். 2021-இல் எம்பிஎஃப்21 என்று ஒரு புது விதித்தொகுப்பு வந்தது. மாட் செய்பவர்கள் கேட்ட புதிய பூதச் செயல்களும் ஆயுதச் செயல்களும் அதில் உண்டு, அத்தனையும் டெமோ கலையாமல் ஓடும்படி. அதற்குத் தந்த எண் 21. தம்பி, உங்கள் மேப்பை அந்த விதியில் தனி வாட் கோப்பாகச் செய்யுங்கள். அண்ணன் அதில் புதிதாக ஒரு டெமோ பதிவு செய்யட்டும், மெழுகுவர்த்தியோடு சேர்த்து.