எழுத்துகளுக்குள் சொல் தேடும் பிள்ளைக்குப் பட்டியலை நீட்டாதீர்கள்

சென்ற வாரம் ஒரு மாணவி தன் வீட்டுப்பாடக் குறிப்பேட்டை என் முன் வைத்தாள். ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டி (T) ஆகிய ஏழு எழுத்துகளுக்குள் எத்தனை ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன என்று தேடி வரும்படி சொல்லியிருந்தேன். பத்துச் சொற்கள் கொண்டுவந்திருந்தாலே மகிழ்ந்திருப்பேன். அவளோ நான்கு பக்கங்களில் இருநூறு சொற்களுக்கு மேல் எழுதியிருந்தாள். ‘ரெட்சினா’ என்ற சொல்லைச் சுட்டிப் பொருள் கேட்டேன்; தெரியவில்லை. ‘ஸ்டியரின்’ என்பதும் தெரியவில்லை. குறிப்பேட்டை மூடிவிட்டு, அதே ஏழு எழுத்துகளிலிருந்து ஏதேனும் ஒரு சொல்லைச் சொல் என்றபோது, அவள் நாள்தோறும் பேசுகிற ‘ஸ்டார்’, ‘ட்ரெய்ன்’ ஆகிய சொற்கள்கூட அவள் நினைவுக்கு வரவில்லை. அந்த இரண்டும் அவள் கைப்படவே முதல் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தன. சொல் தேடும் செயலி ஒன்றில் எழுத்துகளைத் தட்டி, வந்த பட்டியலை வீட்டில் அமர்ந்து அப்படியே படியெடுத்திருக்கிறாள். இவ்வாறு வரும் குறிப்பேடுகள் பெருகிக்கொண்டே போவதால்தான் இதை எழுத நேர்ந்தது.

பெற்றோரிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே விடை வருகிறது: “எப்படியும் இருநூறு சொற்களைப் பார்த்துவிட்டாளே, சொல்வளம் கூடத்தானே செய்யும்?” கூடிவிடாது. ஒரு சொல்லைக் கண்ணால் பார்ப்பது வேறு, அதைக் கற்பது வேறு. பொருள் தெரிந்து, ஒலி தெரிந்து, ஒரு வாக்கியத்தில் தானே வைத்துப் பார்த்த பிறகுதான் சொல் பிள்ளைக்குச் சொந்தமாகிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-ஆம் ஆண்டு, எழுத்துகளை அடுக்கிச் சொல் அமைக்கும் விளையாட்டான ஸ்கிராபிளின் பிரெஞ்சு மொழி உலகப் போட்டியில் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. சொற்பட்டியலை எழுத்துக் கோவைகளாகவே மனத்தில் பதித்துக்கொண்டு ஆடினார். அந்த நினைவாற்றல் வணங்கத்தக்கது. ஆனால் ஒரு மொழியின் சொற்களையெல்லாம் எழுத்துப் பிசகாமல் அறிந்தவரும் அந்த மொழியில் பேச முடியாமல் இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? அவர் மனப்பாடமாவது செய்தார். நம் பிள்ளைகள் படியெடுக்க மட்டுமே செய்கிறார்கள். பட்டியலின் நீளத்தைக் கண்டு தயவுசெய்து மகிழாதீர்கள். பத்து நிமிடம் முயன்று ஒரு பிள்ளை தானே கண்டெடுத்த ஐந்து சொற்கள், செயலி கொட்டிய இருநூறு சொற்களைவிட மேலானவை என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன்.

செயலி இல்லாமல் முயலும் பிள்ளைகளோ எழுத்துகளைக் கண்டபடி குலுக்குகிறார்கள். ஏ, சி, இ, ஐ, என், ஓ, ஆர், டி என்ற எட்டு எழுத்துகளை 40,320 விதமாக வரிசைப்படுத்தலாம். அத்தனையையும் யாராலும் எழுதிப் பார்க்க முடியாது. ஆங்கிலச் சொற்கள் தனி எழுத்துகளாகச் சேர்வதைவிடத் துண்டுகளாகச் சேர்வதே மிகுதி. இந்த எட்டில் டி, ஐ, ஓ, என் ஆகிய நான்கும் இருப்பதைக் கண்டவுடன் அவற்றை அதே வரிசையில் கடைசியில் வைத்துவிட வேண்டும். மீதமிருக்கும் ஏ, சி, இ, ஆர் நான்குக்கும் இருபத்துநான்கு வரிசைகள்தாம் உண்டு. அவற்றுள் ‘க்ரியேஷன்’, ‘ரியாக்‌ஷன்’ இரண்டும் விரைவில் தென்பட்டுவிடும். போகிற போக்கில் அந்த நான்கிலிருந்தே ‘ரேஸ்’, ‘கேர்’, ‘ஏக்கர்’ ஆகியனவும் கிடைக்கும். ஐ-என்-ஜி, இ-டி (ed), இ-ஆர் போன்ற ஈறுகளையும், ஆர்-இ, யூ-என் போன்ற முன்னொட்டுகளையும், எஸ்-எச், டி-எச் போன்ற இணைகளையும் முதலில் தேடப் பழக்குங்கள். க்யூ இருந்தால் யூ எங்கே என்று பார்க்கச் சொல்லுங்கள்.

தமிழில் எழுதிப் பழகிய பிள்ளைகளிடம் நான் தொடர்ந்து காணும் ஓர் இடர்ப்பாடும் இங்கே உண்டு. நம் எழுத்து பெரும்பாலும் ஒலியைத் தன்னுடனேயே சுமந்து வருவதால், அவர்கள் எழுத்துகளை இடம் மாற்றாமல் ஒலிகளை இடம் மாற்றுகிறார்கள். டி, ஐ, ஓ, என் என்று வாய்விட்டு எத்தனை முறை கூட்டினாலும் ‘ஷன்’ என்ற ஒலி வராது. ஆகவே இந்தப் பயிற்சியை வாயை மூடிக்கொண்டு, எழுத்துகளைத் தனித்தனித் தாள்துண்டுகளில் எழுதி, கையால் நகர்த்தியே செய்ய வேண்டும்.

கேள்வியையாவது முழுமையாகப் படியுங்கள். ‘இந்த எழுத்துகள் உள்ள சொல்’ என்றால் அவை எந்த வரிசையிலும் வரலாமா, கொடுத்த வரிசையில் அடுத்தடுத்து நிற்க வேண்டுமா, வேறு எழுத்துகள் கலக்கலாமா, ஓர் எழுத்தை இருமுறை பயன்படுத்தலாமா என்பவையெல்லாம் தனித்தனிக் கேள்விகள். ஓ, யூ, ஜி, எச் நான்கும் அடுத்தடுத்து வரவேண்டும் என்றால் ‘டஃப்’, ‘காஃப்’, ‘த்ரூ’, ‘தோ’ என்று ஒலியால் ஒட்டாத சொற்கள் வரிசைகட்டும். ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கற்பிக்க இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

செயலியை அறவே தொடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பிள்ளை முயன்று ஓய்ந்த பிறகு திறவுங்கள். வந்த பட்டியலில் அவளுக்கு அறிமுகமான சொற்களை அவளையே கோடிடச் சொல்லுங்கள். புதியவற்றுள் இரண்டை மட்டும் எடுத்து அகராதியில் பொருள் பாருங்கள்; மற்றவற்றை விட்டுவிடுங்கள். விளையாட்டுக்கான சொற்பட்டியல்கள் க்யூ, ஐ என்ற ஈரெழுத்துச் சொல்லையும் ஏற்கும். பள்ளிக் கட்டுரையில் அதற்கு வேலையில்லை. பொருள் சொல்ல முடியாத சொல்லைக் குறிப்பேட்டில் எழுத விடாதீர்கள்.

எழுத்துகள் தடுமாறும் பிள்ளைகளின் பெற்றோரிடம் தனியாக ஒரு வேண்டுகோள். சரியான வரிசையே இன்னும் மனத்தில் நிலைக்காத பிள்ளையிடம் கலைத்துப் போட்ட எழுத்துகளைக் கொடுப்பது அவளை மேலும் வருத்தும். ஆசிரியர் கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள். அதற்கு மாற்றாக ‘டுகெதர்’ போன்ற முழுச் சொல்லை எழுதிக் கொடுத்து, உள்ளே ஒளிந்திருக்கும் ‘டு’, ‘கெட்’, ‘ஹெர்’ மூன்றையும் வட்டமிடச் சொல்லுங்கள். தேடும் மகிழ்ச்சி அவளுக்கும் கிடைக்கும். ஓர் எழுத்துகூட அவள் கண்முன் இடம் மாறாது.